எட்டுக் கோட்டில் இரண்டு

"அந்த வண்டி என்னிக்கு என் வாசல வுட்டுப் போவுதோ, அன்னிக்கு ஒன் தம்பி என் ஊட்டுக்குள்ள வரட்டும்," என்றார் பரந்தாமன்.

"அப்போ பட்டம் யாரு கட்டுறது?"

"ஒன் சித்தப்பன் புள்ள கீறான்ல, திருநின்றவூர்ல. அவனும் மாமன் மொறைதான். அவன் கட்டுவான்."

தாட்சாயிணி ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையை முறத்தோடு தள்ளி வைத்தாள். மகள் கிருஷ்ணப்பிரியாவுக்குத் தையில் கல்யாணம். மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். கூடப்பிறந்த தம்பி தினகரன் வேப்பம்பட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஒன்றுவிட்ட தம்பி வந்து கட்டினால், இவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று மண்டபத்தில் மைக் வைத்துச் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறுவது?

"வண்டி சத்தம் போட்டா ஒறவு அறுந்துபூடுமா?"

"சத்தம் மட்டுமா? பேட்டரி செத்த வண்டி அது. நைசா என் தலையில கட்டிட்டான் ஒன் தம்பி. எட்டுக் கோடு போட்டுக் காட்டுது. என்னிக்காவது எட்டு நெறஞ்சி பாத்துருக்கியா? எங்கனா நிறுத்துனா மூணு, ரெண்டுன்னு எறங்குது. நின்ன எடத்துல சொய்ங்குது. திடீர்னு தானா கத்துது. பேய் புடிச்ச வண்டி."

தினகரனுக்கு வேலை செய்யும் இடத்தில் கார் கொடுத்துவிட்டார்கள். அதனால் அவன் வைத்திருந்த ஹைபிரிட் காரை, கல்யாண அலைச்சலுக்கு ஆகும் என்று அக்கா புருஷன் பரந்தாமனுக்கு விற்றான். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். எது எப்போது என்று வண்டியே தீர்மானித்துக்கொள்ளும். முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிய பரந்தாமனுக்கு அதுதான் முதல் கோபம். வண்டி எதற்குத் தீர்மானிக்க வேண்டும்? அப்புறம் டிரைவர் என்னத்துக்கு?

உள்ளே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்பிரியா, "அப்பா, சர்வீஸ்ல செக் பண்ணிட்டு எல்லாம் நார்மல்னுதானே சொன்னாங்க?" என்றாள்.

"ஆமா, மூணு பேரு சேந்து நின்னுகினு 'நார்மல் சார், நார்மல் சார்'ன்றான். ஜொரம் வந்தா ஒடம்பு சுடும். அதுவும் நார்மல்தானா? அவனுங்க யாரு? ஒன் மாமன் மூணு வருசமா சர்வீஸுக்கு வுட்ட எடம். இவன் ஆளுங்க."

"அப்பா, மாமா அப்படியெல்லாம் செய்யமாட்டாரு."

"நீ ஒன் வேலையப் பாரு."

அந்த நேரம் பார்த்து வந்தாள் அஞ்சலை. பரந்தாமனின் அக்கா, ஏரிக்கரைத் தெருவில் வீடு. தம்பி வீட்டில் சண்டை என்றால் அவளுக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

"இன்னாம்மே, ஒன் தம்பி இன்னா சொல்றான்? வண்டிய எடுத்துக்கினு போறானா இல்லியா? அன்னிக்கி பின்னாடி சீட்டுல குந்துனேன். இடுப்பாண்ட எதுவோ காத்த இழுக்குது. உஸ்ஸு உஸ்ஸுன்னு. பாம்பு பூந்துகிச்சோன்னு கால மேல தூக்கிகினு வந்தேன்."

"அது பேட்டரிக்குக் காத்தாடி, அண்ணி. தினாதான் சொல்லியிருந்தான்."

"அவன் சொல்லுவான். வித்தவன் எவன் பூச்சின்னு சொல்லுவான்?"

பரந்தாமன் அக்காவைப் பெருமையாகப் பார்த்தார். தாட்சாயிணி எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தம்பிக்கு போன் போட்டாள்.

"நான் எதுக்குக்கா வரணும்?" என்றான் தினகரன். "போன வாரம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு என்னைத் திருடன்னு சொல்லியிருக்காரு. என் தோஸ்த்து ஒருத்தன் காதால கேட்டுட்டு வந்து சொல்றான். ஊட்டுலயும் சொல்லியிருப்பாரு. நீ கீரை ஆஞ்சிகினு இருந்துருப்ப."

"வாயை மூடுறா. வந்து ஓட்டிக் காட்டு. அவர் எதிர்க்க, அண்ணி எதிர்க்க. வண்டி சரின்னு ஆயிட்டா யார் வாயும் பேசாது."

"சரியில்லன்னு ஆயிட்டா?"

"ஆவுமா?"

"நான் வுட்ட வரைக்கும் ஒண்ணும் ஆவல. அந்தாளு கையில இன்னா ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்காக வா."

"ஒனக்காக வரேன். அந்தாளு மூஞ்சிய பாக்கமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்பத்தூரில் ரயிலை விட்டிறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவன், கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். தாட்சாயிணி சொம்பில் தண்ணீர் கொண்டு போனாள்.

"உள்ள வராதன்னு சொன்ன ஊட்டுத் தண்ணி மட்டும் எதுக்கு?"

"குடிடா. நான் கொண்டாந்தது."

"சொம்பு அவருது."

பரந்தாமன் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். தினகரனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்: "வேப்பம்பட்டு வரைக்கும் போவட்டும். ஏசி போட்டுகினே போவட்டும். ரெண்டு பேரு கையிலயும் ஓடட்டும். ரெண்டு கோட்டுக்கு எறங்குச்சின்னா வண்டியும் அங்கியே, மாமனும் அங்கியே. நாங்க ரயில்ல திரும்பிடுவோம்."

தினகரன் அக்காவிடம் சொன்னான்: "எறங்கலன்னா? அதையும் கேட்டுச் சொல்லுக்கா."

"எறங்கலன்னா அவனே கட்டட்டும்," என்றார் பரந்தாமன், மின்கம்பத்திடம்.

முதலில் தினகரன் ஓட்டினான். பக்கத்தில் பரந்தாமன், பின்னால் பெண்கள் இருவரும். தாட்சாயிணி நடுவில் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் முன்பக்கத் திரையில் பேட்டரியின் கோடுகள் தெரிந்தன. ஐந்து. வண்டி தெருவில் நகர்ந்தபோது மெல்லிய குரலில் முனகியது.

"தோ, ஆரம்பிச்சிட்சி," என்றாள் அஞ்சலை.

"அது மெதுவா போவச்சொல்ல வர்ற சத்தம், அத்தே. வாங்கின நாள்லருந்து கீது."

"வாங்கின நாள்லருந்தே கெட்டுப்போச்சின்றியா?"

எஸ்டேட் வழியாக வந்து, திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோட்டில் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பேர்தான். திருமுல்லைவாயலில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஐப்பசி மாதத்து வெயில் கண்ணாடியில் அடித்தது. ஐந்து நான்காயிற்று. பரந்தாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஐந்து, அப்புறம் ஆறு. எஞ்சின் தானே அடங்கியது.

"நிக்கிற வண்டி எதுக்குக் கத்துது?" என்றார் பரந்தாமன்.

"பேட்டரிக்கு ஏத்துதுன்னு சொல்லுக்கா."

"எட்டு நெறய ஏத்த வேண்டியதுதான?"

"வயிறு முட்ட ஏத்தாது. எடம் வுட்டு வெச்சிக்கும். பிரேக் போட்டா வர்றத வாங்கிப் போட்டுக்க எடம் வேணும்ல? சொல்லுக்கா."

"டேய், நான் இன்னா தபால் ஆபீஸா? நீயே சொல்லு," என்றாள் தாட்சாயிணி.

ஆவடி செக்போஸ்ட் வரை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலேயே நின்றது. அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "அவன் கை பட்டா வாலச் சுருட்டிகினு கீது பாரு. பழகுன நாயி."

"காலையில எதையோ பண்ணிட்டான்," என்றார் பரந்தாமன்.

"நான் வாசல் கேட்டத் தாண்டி உள்ள வரல, அத்தே. தண்ணி கூடக் குடிக்கல. நாலு பேரு பாத்தாங்க."

செக்போஸ்ட் தாண்டி ஓரம் கட்டி இடம் மாறினார்கள். பரந்தாமன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார், கண்ணாடியைத் திருத்தினார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தினகரன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பட்டாபிராம் போகும் வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அடைத்து மறுபக்கத்தில் மாற்றி மாற்றி விட்டார்கள். வண்டி நின்றது, நான்கு அடி போயிற்று, நின்றது. தாட்சாயிணி கோடுகளையே பார்த்தாள். ஐந்து. நான்கு. மறுபடி நின்றார்கள், லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு யாராலும் அசைய முடியவில்லை. மூன்று.

"பாத்தியா?" என்றார் பரந்தாமன். அவர் குரலில் வந்த சந்தோஷத்தைத் தாட்சாயிணி மகளுக்குச் சம்பந்தம் முடிந்த அன்றுகூடக் கேட்டதில்லை. "பாத்தியா அக்கா? தோ, எறங்குது. நான் சொன்னேன்ல?"

"இந்த காத்தாடியும் கத்துது. அய்ய, காலு கூசுது."

தினகரன் திரும்பித் திரையைப் பார்த்தான். அவன் நெற்றியில் வேர்வை. "எப்படி... என் கையில ஒரு நாளும்..."

"ஒன் கையில எறங்காது. ஒன் வாயில எறங்காது. இங்க எறங்குது பாரு, கண்ண தொறந்து பாரு."

இரண்டு. டிங் என்று ஒரு மணி அடித்தது. திரையில் என்னவோ எழுத்து வந்தது. பரந்தாமன் அதைப் படிக்கவில்லை, தொடையில் தட்டிக்கொண்டார்.

"முடிஞ்சிபோச்சி. திருநின்றவூரானுக்குப் போன் போடு, தாட்சா."

தாட்சாயிணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கையைப் பார்த்தாள். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் அந்தக் கை கியரைத் தள்ளியதை அப்போதுதான் கவனித்தாள். நிற்கும், தள்ளும். நகரும், இழுக்கும். பஸ் ஓட்டிய காலத்தில் அவர் கையிலேயே ஊறிப்போன பழக்கம் அது. சிக்னலில் நியூட்ரல், கேட்டில் நியூட்ரல், பாலத்தில் இறங்கும்போது நியூட்ரல். 'நின்ன வண்டிக்கு கியர் எதுக்கு?' என்பார். டீசல் மிச்சம் பிடிப்பதில் எஸ்டேட்டிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பேர்.

தினகரன் ஓட்டியபோது அந்தக் கியர் அசையவே இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு சும்மா நின்றான். எஞ்சின் எழுந்தது, கோடு ஏறியது.

இப்போது வாயைத் திறந்தால், அக்காவும் மச்சானும் பார்த்துக்கொண்டிருக்க, பரந்தாமனுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று சொன்னதாக ஆகும். அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லலாம், கோபம் வரும் என்று சொல்லலாம், அவர் அம்மாவைப் பற்றிக்கூடச் சொல்லலாம். ஓட்டுவதைப் பற்றி அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பேசாமல் இருந்துவிட்டால், அந்த லாரி நகர்வதற்குள் தம்பி போய்விடுவான்.

"கைய எடுங்க," என்றாள்.

"இன்னா?"

"கியர்லருந்து கைய எடுங்க. நியூட்ரல்ல போடாதீங்க. அவன் போட்ட மாதிரியே டி-ல வெச்சிட்டு பிரேக்க மிதிச்சிகினு நில்லுங்க."

"ஏய், ஓட்றவன்கிட்ட பேசாத," என்றாள் அஞ்சலை. "முப்பது வருசம் ஓட்டுன கையி அது."

"அந்தக் கையத்தான் சொல்றேன், அண்ணி."

தினகரன் கியரைப் பார்த்தான். திரையில் மின்னிய எழுத்தைக் குனிந்து படித்தான். பிறகு சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் இத்தனை நாளும் திருடனாக இருந்தவனுக்கு அடக்க முடியவில்லை.

"மாமா, நியூட்ரல்லயா போட்டுகினு கீற? நியூட்ரல்ல போட்டா இது ஏத்தவே ஏத்தாது. தோ, அதைத்தான் எழுதி எழுதிக் காட்டுது. ஏசி இழுத்துகினே இருக்கும், எறங்கிகினே இருக்கும். ஐயோ, ரெண்டு மாசமா இதையா பண்ணிகினு கீற?"

"சிரிக்காத."

"ஆட்டோமேட்டிக்ல எவன் மாமா சிக்னலுக்கு சிக்னல் நியூட்ரல் போடுவான்? எனக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தா அன்னிக்கே—"

"சிரிக்காதன்றேன்ல!"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். லாரி வழிவிட்டிருந்தது. பரந்தாமன் டி-யில் போட்டார். வண்டி போய் அடுத்த கூட்டத்தில் நின்றது. அவர் கை கியருக்குப் போயிற்று, பாதியில் நின்றது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் உறுமியது. மூன்று. உறுமல் நிற்கவில்லை.

"இன்னாத்துக்கு இப்படிக் கத்துது?" என்று அஞ்சலை மெதுவாகக் கேட்டாள்.

"பட்டினி போட்டா கத்தாம இன்னா பண்ணும், அண்ணி?"

நான்கு. ஐந்து.

பட்டாபிராம் தாண்டிக் கூட்டம் குறைந்ததும் பரந்தாமன் வண்டியை ஓரம் கட்டினார்.

"வண்டி நல்ல வண்டி. போதுமா? நான்தான் ஓட்டத் தெரியாதவன். போதுமா? மாமனே பட்டம் கட்டட்டும். எறங்கு. இங்கேந்து ஷேர் ஆட்டோ வரும்."

"எறங்கமாட்டேன்," என்றான் தினகரன்.

"எறங்குறா!"

"ஓ.டி. ஸ்டாண்டுல நின்னுகினு ஊருக்கெல்லாம் திருடன்னு சொல்லுவ. ரோட்டோரத்துல நிறுத்தி 'போதுமா, எறங்கு'ன்னுவ. நான் தலைய சொறிஞ்சிகினு மண்டபத்துக்கு வரணும். யாருகிட்ட காட்ற? தட்டு வெச்சி, என் ஊட்டு வாசல்ல வந்து கூப்புடு. மாமன அப்படித்தான கூப்புடுவாங்க? இல்லன்னா திருநின்றவூரானையே கூட்டிக்கோ. அவன் கட்டட்டும். நான் வரமாட்டேன்."

தாட்சாயிணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் ஒருத்தர் தடுத்தார், இப்போது இன்னொருத்தன்.

"டேய் தினா! நான் இவர நடுரோட்டுல வெச்சி அவமானப்படுத்தினது இதுக்கா?"

"நீ கேட்டது நியாயம்க்கா. நான் கேக்கறதும் நியாயம்."

"நியாயத்த ரெண்டு பேரும் மடியில கட்டிக்கோங்க. எம்பொண்ணு வெறும் நெத்தியோட மணையில குந்தட்டும். ஒருத்தர் டிரைவரு, ஒருத்தன் யோக்கியன். ரெண்டு பேரும் ஜெயிச்சிகினே இருங்க!"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் பரந்தாமன்.

"ஓட்டுங்க. திருநின்றவூர் மார்க்கெட்டாண்ட நிறுத்துங்க."

"எதுக்கு?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

நிறுத்தினார். தாட்சாயிணி இறங்கிப் பாத்திரக்கடையில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினாள். அதன் மேல் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கூடப் பிய்க்கவில்லை. வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள், ஒரு தேங்காய். கூடவே வந்த அஞ்சலை, "பழம் கறுத்துக் கீது, வேற சீப்பு எட்றா," என்று கடைக்காரனை மிரட்டினாள்.

"நீங்க எதுக்கு அண்ணி இதுல?" என்றாள் தாட்சாயிணி.

"சண்ட போட்டாலும் கறுத்த பழத்த வெச்சா எங்க ஊட்டுக்குத்தான் கேவலம்."

வேப்பம்பட்டில் தினகரன் வீட்டு வாசலில் கார் நின்றது. தினகரன் இறங்கிப்போய்த் தன் வாசற்படியில் நின்றுகொண்டான். அவன் மனைவி கலைவாணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பரந்தாமன் கார் கண்ணாடியை இறக்கவில்லை. தாட்சாயிணி தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள்.

"அண்ணா, உள்ள வாங்கண்ணா," என்றாள் கலைவாணி.

கண்ணாடி பாதி இறங்கியது. "இங்கியே நல்லாத்தான் கீது."

"தட்டு அக்கா கையில கீது," என்றான் தினகரன். "அக்கா என்னை என்னிக்கும் கூப்புடுவா. அவரு கூப்புடட்டும்."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு அம்மாள் துணி உலர்த்துவது போல வந்து நின்றாள்; கையில் துணி இல்லை.

"தையில கல்யாணம்," என்றார் பரந்தாமன். "வந்து பட்டம் கட்டு."

"யாருகிட்ட சொல்ற? பேர் இல்லியா எனக்கு?"

பரந்தாமன் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினார். தாட்சாயிணி தட்டோடு காரின் முன்னால் போய் நின்றாள். இனி வண்டி போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"சொல்லித் தொலைடா," என்றாள் அஞ்சலை பின்சீட்டிலிருந்து. "எனக்கு முட்டி வலிக்குது. இந்தக் காத்தாடி வேற."

"அக்கா, நீயுமா?"

"எதிர்வூட்டுக்காரி பாத்துகினு கீறா. இப்படியே திரும்பிப் போனா ஊரு நம்பளத்தான் காறித் துப்பும். சொல்லு."

பரந்தாமன் கதவைத் திறந்தார். ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றினார். எழுந்திருக்கவில்லை. தாட்சாயிணி பக்கத்தில் வந்து நீட்டிய தட்டின் விளிம்பைத் தொட்டார்.

"மச்சான்," என்றார், கசாயத்தைத் துப்புவது போல. "வந்து கட்டு."

தினகரன் படியிறங்கி வந்து அக்கா கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டான்.

"வரேன். கட்டுவேன். ஒன் பந்தியில குந்தமாட்டேன்."

"குந்தச் சொல்லி இங்க எவன் அழுதான்?"

"மண்டபத்துல ஒன்கூட நின்னு போட்டோ எடுக்கமாட்டேன்."

"கேமராக்காரன் கண்ணுக்கு நல்லது."

"தினா," என்றாள் தாட்சாயிணி, "கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். பேரப் போட்டுடறேன்."

"போடு. இனிஷியலோட போடு. எவன்னு தெரியட்டும்."

"காப்பியாச்சும் குடிச்சிட்டுப் போங்கக்கா," என்றாள் கலைவாணி. அவள் முகத்தில் குடித்துவிடுவார்களோ என்ற பயம் தெரிந்தது.

"வேணாம்மா. இன்னொரு நாளு வரேன். ரயில்ல வரேன்."

தாட்சாயிணி காரைச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்து, தினகரன் உட்கார்ந்திருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"பின்னாடி போயி குந்து," என்றார் பரந்தாமன், சாலையைப் பார்த்தபடி.

"மாட்டேன்."

"தாட்சா, எனக்குப் பக்கத்துல குந்தாத இன்னிக்கி."

"இங்கதான் குந்துவேன். ஓட்டுங்க."